லண்டினி, சாமே, லம்போர்கினி: பழைய இத்தாலிய டிராக்டரில் எது தேறும்?

1950களின் இத்தாலிய டிராக்டரில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது? என் ஓட்டு சாமேவுக்கு. ஆனால் ஆர்வலர்களில் பாதிப்பேர் லண்டினி பக்கம்தான் நிற்பார்கள். அவர்கள் நிற்பதிலும் நியாயம் இருக்கிறது.

லண்டினி, ரெஜ்ஜோ எமிலியா பக்கம் ஃபாப்ரிகோ என்ற ஊரில் 1884இல் பட்டறையாகத் தொடங்கியது. அதன் எல் 25, இத்தாலியர் 'தெஸ்தா கால்தா' (சூடான தலை) என்று சொல்லும் ரகம்: படுத்த வாக்கில் ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். சிலிண்டர் மண்டையை ஊதுவிளக்கால் நன்றாகச் சூடேற்றி, பிறகு ஃப்ளைவீலை முன்னும் பின்னும் ஆட்டிக் கிளப்ப வேண்டும். உதை மாறி விழுந்தால் இன்ஜின் எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கிவிடும். முன் கியர் போட்டால் வண்டி பின்னால் போகும்! இவ்வளவு வம்பு பிடித்த இயந்திரத்தை உழவர்கள் ஏன் கொண்டாடினார்கள்? கம்ப்ரஷன் குறைவு, நுணுக்கமான பாகங்கள் குறைவு, மட்டமான எண்ணெய் ஊற்றினாலும் முகம் சுளிக்காது. நல்ல எரிபொருள் கிடைக்காத காலத்தில் வேறென்ன வேண்டும்? 1934இல் வந்த சூப்பர் லண்டினி, 12 லிட்டருக்கும் மேற்பட்ட ஒற்றை சிலிண்டரில் 50 குதிரைத்திறன் காட்டியது. அது ஓடும்போது 'டொம்... டொம்...' என்று தரையே அதிரும். கண்காட்சித் திடலில் கூட்டம் கூடுவது அந்தச் சத்தத்துக்குத்தான்.

சத்தம் வேறு, வேலை வேறு. டீசல் இன்ஜின் மலிவானதும் லண்டினியே 1950களின் இறுதியில் பிரிட்டனின் பெர்கின்ஸ் டீசல் இன்ஜினை உரிமம் வாங்கிச் செய்யப் போய்விட்டது.

சாமேவின் கதை நேர் எதிர். பிரான்செஸ்கோ கசானி 1927இலேயே டீசல் டிராக்டர் செய்து காட்டியவர். 1942இல் சகோதரர் எவுஜெனியோவோடு த்ரேவில்யோவில் சாமேவைத் தொடங்கினார். 1952இல் வந்த டிஏ 25க்கும் லண்டினி எல் 25க்கும் குதிரைத்திறன் ஒன்றுதான், 25. ஆனால் சாமேவில் அந்த 25 நான்கு சக்கரத்துக்கும் போகிறது. இத்தாலியில் பெரும்பகுதி மலையும் மேடும். ஈரச் சரிவில் பின்சக்கரம் மட்டும் சுற்றும் வண்டி வழுக்கி நிற்கும், இது ஏறிவிடும். காற்றால் குளிரும் இன்ஜின் என்பதால் ரேடியேட்டர் இல்லை, குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து பிளாக் வெடிக்கும் பயமும் இல்லை. (இதே சாமே பின்னாளில் நம் ராணிப்பேட்டையிலும் டிராக்டர் ஆலை வைத்தது.) வாங்குபவர் கவனிக்க வேண்டியவை இரண்டு: சிலிண்டரைச் சுற்றிச் சூட்டை வெளியேற்றும் உலோக இறகுகளுக்கு நடுவே எண்ணெயும் தூசியும் அப்பியிருந்தால் இன்ஜின் வெகுநாள் சூட்டில் வெந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஓட்டும்போது முன் அச்சில் 'டக் டக்' கேட்டால் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது.

லம்போர்கினி? பெயருக்கு விலை, அவ்வளவுதான் என்பேன். ஃபெருச்சோ லம்போர்கினி கார் செய்யக் கிளம்பியது 1963இல். அதற்கு முன் சென்தோவில் அவர் செய்தது டிராக்டர்தான். 1948இன் கரியோகா, போர் முடிந்து மிஞ்சிய ராணுவ உதிரிகளில் உருவானது. பெட்ரோலில் கிளப்பி, இன்ஜின் சூடானதும் மலிவான எண்ணெய்க்கு மாறும் ஏற்பாடு அவருடைய கெட்டிக்காரத்தனம். கிடைத்த உதிரியை வைத்துக் கட்டிய வண்டியில் எது அசல், எது பிற்பாடு சேர்த்தது என்று நிரூபிப்பதே பெரும்பாடு. அந்தப் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்க மனம் இருந்தால் வாங்கலாம். 1973இல் அந்த டிராக்டர் தொழிலையே சாமே வாங்கிவிட்டது என்பதைச் சாமே ரசிகர்கள் அடிக்கடி நினைவூட்டுவார்கள்.

கொட்டகையில் நிறுத்தி அழகு பார்க்காமல் வயலில் இறக்கப் போகிறீர்கள் என்றால் இந்த மூன்றையும் விட்டுவிட்டு ஃபியட்டைப் பாருங்கள். 1957இன் 'லா பிக்கோலா' வெறும் 18 குதிரைத்திறன்தான். சிறு தோட்டத்துக்குப் போதும். ஏராளமாக விற்ற கம்பெனி என்பதால் ஃபியட்டுக்கு உதிரி தேடி அலைவது குறைவு. பெருமை பேச அதில் ஒன்றும் இல்லை, உழுதுவிட்டு வீட்டுக்கு வந்துவிடும்.