அலுமினா மேல் ஒற்றை அடுக்கு: சிலேனா, பாஸ்போனிக் அமிலமா?

அலுமினியத் தகட்டில் தானாகப் படிந்திருக்கும் ஆக்சைடின் (அலுமினா) மேல் 18 கார்பன் சங்கிலிகளை ஒரே மூலக்கூறு தடிமனுள்ள அடுக்காக நட வேண்டும். கையில் இருப்பவை இரண்டு: ஆக்டாடெசில்டிரைகுளோரோசிலேன், ஆக்டாடெசில்பாஸ்போனிக் அமிலம். இரண்டையும் மாறி மாறிச் செய்து பார்த்த பிறகு நான் பாஸ்போனிக் அமிலத்தோடு நின்றுவிட்டேன்.

தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. அடுக்கு நன்றாக அமைந்தால் தொடுகோணம் (சொட்டின் விளிம்பு தகட்டோடு செய்யும் கோணம்) இரண்டிலும் 110 பாகையை ஒட்டி வரும்.

சிலேனின் தொல்லை ஈரம். மழைநாளில் புட்டியைத் திறந்தால் அமிலப் புகை எழும். மூடியின் புரியில் வெள்ளைப் பொருக்கு கட்டும். ஈரம் அறவே இல்லாவிட்டாலும் அடுக்கு நிறையாது. கூடினாலோ மூலக்கூறுகள் கரைப்பானான டோலுயீனிலேயே ஒன்றோடொன்று பிணைந்து, கட்டிகளாகத் தகட்டில் வந்து உட்காரும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என்னை முடிவெடுக்க வைத்தது நிறமாலைதான். சுமார் 80 பாகைச் சாய்வில் அகச்சிவப்புக் கதிரை விழவைத்து எடுத்தால், சங்கிலிகள் நெளிவின்றி நெருங்கி நிற்கையில் அவற்றின் CH₂ அதிர்வுப் பீக் 2918 செ.மீ⁻¹ அருகில் வரும்; குலைந்திருந்தால் 2925 பக்கம் நகரும். ஆனால் ஒழுங்காக அடுக்கிய சிலேன் கட்டியும் அதே 2918-ஐக் காட்டும். மூலக்கூறின் தலைப்பகுதி (சங்கிலி முனையில் பற்றிக்கொள்ளும் பகுதி) ஆக்சைடைப் பிடித்ததா, பக்கத்து மூலக்கூறைப் பிடித்ததா? சிலேனில் சிலிக்கான்–ஆக்சிஜன்–சிலிக்கான் பிணைப்பின் அகன்ற மேடு 1000 முதல் 1150 வரை படர்ந்து, அந்த விடையை மூடிவிடுகிறது.

பாஸ்போனிக் அமிலம் ஒளிப்பதில்லை. தூளாக இருக்கும்போது 1230, 950 அருகே தெரியும் பீக்குகள் தகட்டில் மங்கி, 1100-ஐ ஒட்டி ஒரு அகன்ற பட்டை எழும்: அமிலத் தலை ஆக்சைடைப் பற்றிவிட்டது. சாதாரண நிலையில் அது தன்னோடு தானே பிணையாது என்பதால், மிகுதியாகப் படிந்தது டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானில் மீயொலிக் குளியல் கொடுத்தால் போய்விடும். கழுவக் கழுவ 2918 பீக் சிறுத்து, ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். அந்த நிலைதான் எனக்கு ஒற்றை அடுக்கு. சிலேன் கட்டி இப்படிக் கழுவிப் போகாது.

மேற்பரப்பில் உள்ள தனிமங்களைக் காட்டும் எக்ஸ்-கதிர் ஒளிமின்னணு நிறமாலையில் மட்டும் கவனம் வேண்டும். பாஸ்பரஸின் வழக்கமான 133 எலக்ட்ரான் வோல்ட் பீக், அலுமினியத்தின் பிளாஸ்மான் மேட்டின் (எலக்ட்ரான்களின் கூட்டு அலைவால் எழும் மேடு) மேலேயே விழும். நான் பாஸ்பரஸின் இன்னொரு பீக்கை, 191-இல் வருவதைத்தான் எடுக்கிறேன்.

கண்ணாடி, சிலிக்கா என்றால் இன்றும் சிலேன் பக்கம்தான் போவேன். அங்கே பாஸ்போனேட் பிணைப்பு தண்ணீரில் எளிதாக அறும். 2003-இல் பிரின்ஸ்டனில் ஷ்வார்ட்ஸ் குழு அதைச் சிலிக்கான் மேல் நிலைநிறுத்த 140 டிகிரியில் இரண்டு நாள் சூடாக்கியது. டைட்டானியாவில் (டைட்டானியம் ஆக்சைடு) நான் செய்தவை சில சாம்பிள்களே, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டேன். அலுமினாவிலும் காரக் கரைசல் பக்கம் தகட்டைக் கொண்டுபோகாதீர்கள், அடுக்கு உரிந்துவிடும்.