ஃப்ரெட் லெவலிங்குக்குக் கிட்டாரைக் கொடுக்கும் முன்

சென்னையில் கிட்டாரை ஃப்ரெட் வேலைக்குக் கொடுக்க இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். ஃப்ரெட் என்பது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை; எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குத் தேய்ப்பதுதான் லெவலிங். கடையின் பெயரைப் போடவில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என்னுடையது யமஹா எஃப்310. 11 வருடமாக சி, டி கார்டுகளையே (chord, பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் பிடி) அதிகம் பிடித்துப் பிடித்து, பி கம்பிக்குக் கீழே 1, 3ஆம் ஃப்ரெட்டுகளில் குழி விழுந்துவிட்டது. ஃப்ரெட் தேய்ந்தால் அங்கே அழுத்தும் கம்பி தாழ்ந்துபோய் அடுத்த ஃப்ரெட்டில் உரசும், ஜிர்ரென்று இரையும். என் பிரச்சினை அவ்வளவுதான். "முதல் மூணு ஃப்ரெட்டை மாத்தணும் சார், மீதிக்கு லெவலிங் போதும், நாலாயிரம்" என்றார் கடைக்காரர். பில் கேட்டேன். நம்பர் எழுதிய அட்டை ஒன்றைக் கிட்டாரின் கழுத்தில் கட்டினார். என் தலையில் கட்டியது என்ன என்பது அப்புறம்தான் தெரிந்தது.

நான்கு நாள் கழித்துப் போனால், ஃப்ரெட்டெல்லாம் பளபளவென்று இருக்கிறது, இரைச்சலே இல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் அரை மணி நேரம் வாசிப்பதற்குள் விரல் நுனி எரிந்தது. 12ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரத்தை அளந்தால் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர். முன்பு இரண்டரைகூட இருக்காது. கம்பிகளைக் கழற்றி, அடிப்பக்கம் அவற்றைத் தாங்கும் சேடிலை உருவினேன். அடியில் விசிட்டிங் கார்டு ஒன்றை மடித்துச் செருகி, கம்பிகளைத் தூக்கிவிட்டிருந்தார்கள். அவர்கள் கடைக் கார்டுதான்! புகாருக்கு எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்பதையும் உள்ளேயே வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

பிறகுதான் ஃப்ரெட்டுகளை உற்றுப் பார்த்தேன். ஃப்ரெட்டின் தலை வளைவாக இருக்க வேண்டும். கம்பி அதன் நடுவில் ஒரு கோடாகத்தான் படவேண்டும். லெவல் செய்யும்போது தலை தட்டையாகும் என்பதால், அதற்கென்று உள்ள அரத்தால் மறுபடி வளைவு கொடுப்பார்கள். கிரவுனிங் என்பது இதுதான். இவர்கள் எமரி பேப்பரால் தேய்த்து, பாலிஷ் போட்டு, தட்டையாகவே விட்டுவிட்டார்கள். கம்பி முன் விளிம்பில் படுவதால் சுருதி கொஞ்சம் ஏறிப் பேசுகிறது. மாஸ்கிங் டேப் ஒட்டாமல் தேய்த்ததில் ரோஸ்வுட் பலகை முழுக்கக் கீறல்.

மாற்றியதாகச் சொன்ன மூன்று ஃப்ரெட்? கொடுப்பதற்கு முந்தைய நாள் தற்செயலாக எடுத்த போட்டோ இருந்தது. 2ஆம் ஃப்ரெட்டின் நுனியில் இருந்த பழைய வெட்டு அப்படியே இருக்கிறது. நேரில் போய்க் காட்டினேன். "இது சில்வர் சார், பாலிஷ் போட்டா பழசு மாதிரியே தெரியும்" என்றார். நிக்கல் சில்வரில் துளி வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மட்டுமே. பில் இல்லாததால் பேச்சு அங்கேயே நின்றது.

எங்கள் பெரியம்மாவிடம் வீணை இருக்கிறது. அதில் ஃப்ரெட்டுக்குப் பெயர் மெட்டு; 24 மெட்டுகளும் மெழுகில் நிற்பவை. கோளாறு என்றால் மெழுகை இளக்கி, மெட்டுகளை மறுபடி பதித்து மேளம் கட்டிக்கொள்ளலாம். கிட்டாரில் ஃப்ரெட்டை மரத்தில் வெட்டிய பள்ளத்தில் அடித்து இறக்கியிருப்பார்கள். புது ஃப்ரெட்டின் உயரமே சுமார் 1 மில்லிமீட்டர்தான், அரம் தின்றது திரும்பாது. அதனால்தான் முதலில் கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைத் திருகிக் கழுத்தை நேராக்கிவிட்டு, ஃப்ரெட் தலைகளில் மார்க்கரால் மை பூசி, அந்த மை எல்லாவற்றிலும் அழியும் அளவுக்கு மட்டும் தேய்ப்பார்கள். என்னுடையதில் சில இடங்களில் பாதி உயரம்கூட மிச்சமில்லை.

இப்போது தன் வீட்டிலேயே கிட்டார் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விடுகிறார். சின்ன இரும்பு ஸ்கேல் ஒன்றை மூன்று மூன்று ஃப்ரெட்டாக வைத்துப் பார்த்தார். நடு ஃப்ரெட் தூக்கியிருந்த இடத்திலெல்லாம் அது சீசா போல ஆடியது. முதல் ஏழு ஃப்ரெட்டையும் மாற்ற வேண்டுமாம்; செலவு கிட்டார் விலையில் பாதியைத் தாண்டுகிறது.

"முதல்ல எத்தனை ஃப்ரெட்ல சத்தம் வந்துச்சு?" என்று கேட்டார்.

"ரெண்டுல."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஃப்ரெட்டைக் கழற்ற சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணப் போட்டார்.