தண்ணீர் முத்து முத்தாக உருண்டாலும் வாடகை டென்டை நம்பாதீர்கள்

மலையில் ஒரு ராத்திரி தங்க, இருவர் படுக்கும் டென்ட் ஒன்றும் ஸ்லீப்பிங் பேக் இரண்டும் வாடகைக்கு எடுத்தோம். கடைக்காரர் டென்டின் மேல்துணியில் ஒரு கை தண்ணீரைத் தெளித்துக் காட்டினார். முத்து முத்தாக உருண்டு விழுந்தது. "பாருங்க, சொட்டு உள்ளே போகாது" என்றார். அன்றிரவு மழை பிடித்து முக்கால் மணி நேரத்தில் தரையெல்லாம் ஈரம். திருப்பிக் கொடுக்கப் போனால், பூச்சை உரித்ததே நாங்கள்தான் என்று முன்பணத்தையும் பிடித்துக்கொண்டார். எங்கள் கதை அவ்வளவுதான். ஏமாற்று எப்படி நடந்தது என்பதுதான் மற்றவர்களுக்குப் பயன்படும்.

தண்ணீர் உருள்வதற்குக் காரணம் துணியின் வெளிப்பக்கம் அடிக்கும் நீர்விலக்கி ஸ்ப்ரே. ஒரு டப்பா அடித்தால் மக்கிப்போன துணியிலும் உருளும். மழையை நிறுத்துவது வேறு. பெரும்பாலான டென்ட்களில் அது துணியின் உட்பக்கம் இருக்கும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு. டென்டை ஈரத்தோடு மடித்துக் கட்டி வைத்தால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு வாந்தி எடுத்த மாதிரி புளித்த நாற்றம் வரும், கடைசியில் பொடுகு போல உதிரும். ஒரு குழு கொண்டுவந்த ஈரத்தோடேயே அடுத்த குழுவுக்குப் போகும் வாடகை டென்ட் இதற்குச் சீக்கிரம் பலியாகிறது. ஆகவே மேல்துணியை உள்பக்கம் திருப்பி உள்ளங்கையால் தேயுங்கள், முகர்ந்து பாருங்கள். எங்களுக்கு வந்ததில் மூலையை நகத்தால் சுரண்டியதும் வெள்ளைத் துகள் நகக்கண்ணில் ஏறியது. சுரண்டிப் பார்த்தது மலையில், டார்ச் வெளிச்சத்தில்!

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மேல்துணியைக் கிண்ணம் போலக் குழித்து, ஒரு தையல் நடுவில் வரும்படி பிடித்து, அதில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் நியூஸ்பேப்பர். பத்து நிமிடம் காத்திருங்கள். தையலின் ஊசித் துளைகளை மூடும் டேப் எழும்பியிருந்தால் பேப்பரில் கோடாக ஈரம் தெரியும், பூச்சு போயிருந்தால் வட்டமாகத் தெரியும். தரைத்துணிக்கு, அடியில் நனைத்த துணி, மேலே காய்ந்த டிஷ்யூ, அதன்மேல் முழங்காலை ஊன்றி ஒரு நிமிடம் அழுத்தம். மழைத்துளியைவிட முழங்கால் பல மடங்கு அழுத்தும் என்பதால்தான் தரைக்கு மேல்துணியைவிடக் கூடுதல் மி.மீ. கேட்கிறோம். லேபிளில் உள்ள "3000 மி.மீ." என்பது அந்தத் துணி எத்தனை உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தைத் தாங்கும் என்ற கணக்கு, அதுவும் புதிதாக இருந்தபோது. தையலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

"அது மழையில்லை, உங்க மூச்சுக் காத்து" என்று ஒரு பதில் வரும், தயாராக இருங்கள். பாதி உண்மை. இரண்டு பேர் தூங்கினால் மேல்துணியின் உட்பக்கம் வியர்க்கத்தான் செய்யும். ஆனால் மூச்சு ஈரம் பரவலாக, மெல்லிய படலமாகப் படியும், மழை இல்லாத இரவிலும் வரும். ஒழுக்கு ஒரு தையலில், ஒரு மூலையில் தொடங்கும். துடைத்தால் அதே இடத்தில் மறுபடி ஊறும்.

ஸ்லீப்பிங் பேக்கில் நடந்தது இன்னும் நைசான வேலை. அட்டையில் "மைனஸ் 10" என்று கொட்டை எழுத்து. உள்ளே தைத்த லேபிளில் மூன்று எண்கள் இருக்கும். ஸ்லீப்பிங் பேக்குகளுக்கான ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தரத்தின்படி முதலாவது சுகமாகத் தூங்கும் வெப்பநிலை, இரண்டாவது சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை, மூன்றாவது உயிர் தப்புவதற்கான எண். அந்த மூன்றாவதில் உடல் விறைத்துப்போகும் அபாயம் உண்டு. அட்டையில் இருந்தது மூன்றாவது. முதல் எண்ணை மட்டும் பாருங்கள். உயரம் ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும், காற்றும் ஈரமும் தனி. அடிவார வெப்பநிலையிலிருந்து அதைக் கழித்துவிட்டு எண்ணோடு ஒப்பிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. ஆணிகளையும் இழுகயிறுகளையும் எண்ணி வாங்குங்கள், ஏனென்றால் இழுகயிறு குறைந்தால் மேல்துணி தொய்ந்து உள்துணியில் ஒட்டும், ஒட்டிய இடத்தில் தண்ணீர் இறங்கும். நைலான் துணி நனைந்தால் தளரும், ராத்திரி ஒருமுறை எழுந்து இறுக்கித்தான் ஆகவேண்டும். அடியில் விரிக்கும் ஷீட் டென்டின் தரையைவிடச் சற்றுச் சின்னதாக இருக்கட்டும், வெளியே நீட்டினால் மழையைப் பிடித்து உங்களுக்குக் கீழே கொண்டுவந்து சேர்க்கும். கேஸ் குப்பியில் வெறும் பியூட்டேன் என்றால் பூஜ்ஜியத்துக்கு அருகே அடுப்பு அணைந்து அணைந்து எரியும், ஐசோபியூட்டேன், புரொபேன் கலந்ததைக் கேளுங்கள்.

முன்பண விவகாரத்துக்கு ஒரே மருந்து வீடியோ. கடையில் வைத்தே டென்டை விரித்து, உட்பூச்சு, தையல், ஜிப், கம்பி மூட்டுகள் எல்லாவற்றையும் கடைக்காரர் குரலும் பதிவாகும்படி எடுங்கள். விரிக்க இடமில்லை, நேரமில்லை என்று சொன்னால் அந்தக் கடையில் எடுக்காதீர்கள்.

இதையெல்லாம் மீறி நடுராத்திரி ஒழுகினால், முதலில் ஸ்லீப்பிங் பேக்கைக் காப்பாற்றுங்கள். முதுகுப்பையின் உள்ளே போட்டுக் கொண்டுபோகும் தடித்த பிளாஸ்டிக் உறையை ஸ்லீப்பிங் பேக்கின் கீழ்ப்பக்கம் மாட்டினால் கால் வைக்கும் பகுதியாவது நனையாமல் இருக்கும். இருவரும் டென்டின் மேட்டுப்பக்கம் ஒதுங்கி, முதுகுப்பைகளை அடியில் போட்டு நெருங்கி உட்காருங்கள். நண்பரின் பேச்சு குழறினால், அல்லது நடுங்கிக்கொண்டிருந்தவர் குளிர் குறையாமலே நடுக்கம் நின்று மந்தமானால், விடியும்வரை காத்திருக்காமல் உதவி கேளுங்கள். நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.