வேலூரில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பு: அரசுப் பள்ளியா, தனியாரா, சிறப்புப் பள்ளியா?

ஆட்டிசம், பேச்சுத் தாமதம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு என எது இருந்தாலும், பிள்ளைக்கு ஐந்தரை, ஆறு வயதாகும்போது பெற்றோர் முன் இருப்பவை நான்கு வழிகள்: பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளி, தனியார் பள்ளி, சிறப்புப் பள்ளி, வீட்டிலேயே பயிற்சி. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமையை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு தருகிறது. "இவனுக்குச் சிறப்புப் பள்ளிதான் சரி" என்று தலைமையாசிரியர் சொன்னால் அதை ஆலோசனையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முடிவு உங்களுடையது.

லேசான, நடுத்தரக் குறைபாடு என்றால் நாங்கள் முதலில் சொல்வது அரசுத் தொடக்கப் பள்ளியைத்தான். கட்டணம் இல்லை என்பது மட்டும் காரணமில்லை. தொடக்க வகுப்புகளில் நடக்கும் 'எண்ணும் எழுத்தும்' முறையில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் படிக்கிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இன்னும் எழுத்தைப் பிடிக்கவில்லை என்றால் அவனுக்கென்று தனி ஏற்பாடு தேட வேண்டியதில்லை, அரும்பு நிலைப் பயிற்சியே அங்கே இருக்கிறது. அதே முறையின் பாட்டும் கைதட்டலும் சத்தம் தாங்காத பிள்ளையைக் காதைப் பொத்திக்கொண்டு ஓட வைக்கும். இதைச் சேர்க்கும் நாளிலேயே ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு பலம், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர். இயன்முறைப் பயிற்சியும் அதே மையத்தின் வழியாகத்தான். குறையும் இங்கேதான். ஒருவர் பல பள்ளிகளைப் பார்க்கிறார், தினமும் வர மாட்டார். தொடக்க நிலையில் 10 சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்ன அளவை நடைமுறை எட்டவில்லை. ஆகவே, கேட்கும் சலுகைகள் வகுப்பாசிரியர் தனியாகவே செய்யக்கூடியவையாக இருக்க வேண்டும்.

தனியார் பள்ளியில் முதல் சிக்கல் மொழி. வீட்டில் தமிழோ உருதோ தெலுங்கோ பேசும், இப்போதுதான் இரண்டு சொல் சேர்த்துப் பேசத் தொடங்கிய பிள்ளையின் மேல் ஆங்கில வழி இன்னொரு பாரத்தை ஏற்றுகிறது. பேரணாம்பட்டு, வேலூர் பக்கம் உருது வழி அரசுப் பள்ளிகள் இருப்பதை உருது பேசும் குடும்பங்கள் மறக்க வேண்டாம். இரண்டாவது, 'வகுப்பில் பிள்ளையோடு இருக்க உடன் ஆள் நீங்களே வைத்துச் சம்பளம் கொடுங்கள்' என்ற நிபந்தனை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அரசு நிதி பெறும் பள்ளிகளை மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் கட்டுப்படுத்தும். பிள்ளைக்கு ஏற்ற வசதி செய்வது பள்ளியின் கடமை. சேர்க்கைக்கு முன் பிள்ளைக்குத் தேர்வோ நேர்காணலோ வைப்பதும் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி தவறு, முதல் முறைக்கே 25,000 ரூபாய் வரை அபராதம். அதே கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் தரும் 25 சதவீத இடஒதுக்கீட்டில் மாற்றுத்திறன் பிள்ளைகளும் வருகிறார்கள்.

ஒரு தனியார் பள்ளி நல்ல தேர்வாவது, அங்கே முழுநேரச் சிறப்பாசிரியர் இருந்தால்தான். சிறப்பாசிரியர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு அவருக்கு உண்டா, எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார் என்று கேளுங்கள். 'வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் வருவார்' என்பதுதான் பதிலென்றால், கட்டணம் கட்டி அரசுப் பள்ளியின் அதே குறையை வாங்குகிறீர்கள்.

சிறப்புப் பள்ளியைக் கடைசி இடமாகப் பார்ப்பது தவறு. சைகை மொழியில் வளரும் செவித்திறன் குறைந்த பிள்ளைக்கும், பிரெய்லி கற்க வேண்டிய பிள்ளைக்கும், அங்கே கிடைக்கும் தோழமையும் பயிற்சியும் பொதுப் பள்ளியில் கிடைப்பது அரிது. கழிப்பறை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் உதவி தேவைப்படும் பிள்ளைக்கும் அதுவே பாதுகாப்பு. பேச்சுத் தாமதம் மட்டும் உள்ள பிள்ளைக்கு அது பொருந்தாது: பேசும் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பது பேச்சு வளர உதவும்.

வீட்டுவழிப் பயிற்சி, கடுமையான குறைபாடோ பல்வகைக் குறைபாடோ உள்ள பிள்ளைக்கு. படுத்த படுக்கையாக இல்லாத பிள்ளையை, நிர்வாகத்துக்கு வசதி என்பதால் இந்தப் பட்டியலில் தள்ள விடாதீர்கள்.

எந்தப் பள்ளியானாலும் காரியத்தை நடத்துவது, நீங்கள் பள்ளிக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு கடிதம்தான். பெரும்பாலான பெற்றோர் மருத்துவ அறிக்கையின் நகலைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அதில் நோயின் பெயர் இருக்கும், வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்பது இருக்காது. பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்திலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டும்போது, பள்ளிக்கான பரிந்துரைகளை அரைப் பக்கத்தில் தனியாக எழுதித் தரக் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அதிகபட்சம் ஆறு கோரிக்கை போதும். இப்படி:

முன்வரிசையில், வாசலிலிருந்து தள்ளி உட்கார வைக்கவும். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, கை ஜாடையோடு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க அனுமதி. எழுதுவதற்குப் பதில் வாய்மொழியாகவோ படத்தைத் தொட்டுக் காட்டியோ பதில் சொல்லலாம். காலை உணவில் குழைவான உப்புமா சாப்பிட மாட்டான், வற்புறுத்த வேண்டாம். பயிற்சிக்குப் போகும் அரை நாளை முழு விடுப்பாகக் கணக்கிட வேண்டாம். குடியாத்தத்திலிருந்து பாகாயம் போய் வருபவர்களுக்கு இந்தக் கடைசி வரி மிக முக்கியம்.

'நன்றாகக் கவனித்துக்கொள்ளவும்' என்பது கோரிக்கை ஆகாது. அதைச் செய்தாரா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. கடிதம் இரண்டு பிரதி, ஒன்றில் தேதியும் பள்ளி முத்திரையும் வாங்குங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் (UDID) வரும்வரை சேர்க்கையை நிறுத்தி வைக்க வேண்டாம், பள்ளியும் நிறுத்தக் கூடாது. ஆனால் விண்ணப்பத்தை உடனே போடுங்கள். பிற்காலத்தில் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு எல்லாம் சான்றை வைத்துத்தான். 2019இல் மாவட்டம் பிரிந்த பின், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்கும் போய்விட்டன. ஆதாரில் பழைய மாவட்ட முகவரி இருந்தால் சான்றுக்கு விண்ணப்பிக்கும் முன் அதைத் திருத்துங்கள். எழுத்து, வாசிப்பில் மட்டும் தடுமாறும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாட்டுச் சான்று மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயதை ஒட்டித்தான் கிடைக்கும். அதுவரை கடிதமே ஆதாரம்.

பள்ளி மறுத்தால் அரசுத் தொடக்கப் பள்ளிக்கு வட்டாரக் கல்வி அலுவலர், தனியாருக்குத் தனியார் பள்ளிகளின் மாவட்டக் கல்வி அலுவலர், பிறகு முதன்மைக் கல்வி அலுவலர். சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் ரசீது கிடைக்கும். அதற்கும் மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர்.

ஒவ்வொரு ஜூனிலும் வகுப்பாசிரியர் மாறலாம். பழைய ஆசிரியர் வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டது அவரோடு போய்விடும். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே முத்திரை உள்ள பிரதியோடு புதியவரைப் பாருங்கள், பிள்ளைக்கு இனி தேவைப்படாத கோரிக்கைகளை அடித்துவிட்டு.