கண்ணாடி துடைக்கும் தொழிலுக்கு வேனா, குட்டி யானையா?

ஜன்னல்களையும் முகப்புக் கண்ணாடிகளையும் துடைத்துத் தரும் தொழிலை இரண்டு மூன்று ஆட்களோடு நடத்துகிறவர், இருசக்கர வாகனத்தில் ஏணியைக் கட்டிக்கொண்டு போகும் காலத்தைத் தாண்டியதும் செய்யவேண்டிய முதல் பெரிய செலவு வண்டிதான். சென்னையில் இந்தத் தேர்வு பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு பக்கம் மாருதி ஈக்கோ கார்கோ போன்ற மூடிய வேன். மறுபக்கம் குட்டி யானை என்று ஊரே அழைக்கும் டாடா ஏஸ், அல்லது மாருதி சூப்பர் கேரி போன்ற திறந்த தட்டுள்ள சிறு சரக்கு வண்டி. விலையில் பெரிய இடைவெளி இல்லாததால், வேலைக்கு எது பொருந்தும் என்பதை வைத்தே முடிவு செய்ய முடிகிறது. நூறடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் கோபுரங்களில் கயிற்றிலோ தொங்கு மேடையிலோ இறங்கிச் செய்யும் வேலையைப் பற்றி இங்கே பேசவில்லை. தரைத்தளத்திலிருந்து நான்கைந்து மாடி வரையுள்ள வீடுகள், மருத்துவமனைகள், வாகன விற்பனைக் கூடங்கள், பழைய மகாபலிபுரம் சாலையின் சிறிய அலுவலகக் கட்டடங்கள் ஆகியவையே இங்குள்ள கணக்கு.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை வேனையே சொல்கின்றன. அவற்றில் பல பிரிட்டனிலிருந்து வருகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே உயரத்தில் வேலை செய்வது குறித்த விதிமுறைகள் 2005-இல் வந்த பிறகு, ஏணியில் ஏறுவதைக் குறைத்து, தரையில் நின்றபடியே நீண்ட கம்பத்தின் நுனியில் தூரிகையையும் தண்ணீர்க் குழாயையும் பொருத்திக் கழுவும் முறை பரவலானது. அதற்கான தொட்டியையும் பம்பையும் மூடிய வேனுக்குள் வைப்பதற்கு அவர்களுக்கு வலுவான காரணம் இருக்கிறது: குளிர்காலத்தில் குழாயிலும் பம்பிலும் தண்ணீர் உறைந்தால் கருவி வெடித்துவிடும். நமக்கு உறைபனி கிடையாது. நமக்குள்ள பகைவர்கள் வெயிலும் உப்புத் தண்ணீரும் ஐப்பசி, கார்த்திகை மழையும்தான். ஊர் மாறினால் காரணம் மாறும், காரணம் மாறினால் வண்டியும் மாறும் என்பதை மறந்துவிட்டு அங்குள்ள பட்டியலை இங்கே ஒட்டுவதால்தான் பலர் தவறான வண்டியை வாங்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

என் பார்வையில் இந்த ஒப்பீட்டைத் தீர்மானிப்பது ஒரே கேள்விதான்: தண்ணீரை நீங்கள் கொண்டுபோகிறீர்களா, வாடிக்கையாளரின் குழாயில் பிடித்துக்கொள்கிறீர்களா? பக்கெட்டும் ரப்பர் வைப்பரும் வைத்துக்கொண்டு பழைய முறையில் துடைப்பவருக்கு ஒரு வீட்டுக்கு இரண்டு மூன்று பக்கெட் தண்ணீர் போதும். அதை எங்கும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அவருக்கு வேன் தாராளமாகப் போதும், ஒருவகையில் பொருத்தமானதும்கூட. கம்பத்தில் தூரிகை வைத்துக் கழுவுகிறவரின் நிலைமை வேறு. அந்த முறையில் கண்ணாடியை யாரும் துடைத்து உலர்த்துவதில்லை. கழுவியபின் தானாகக் காயவிடுகிறார்கள். ஆகவே தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறதோ அவ்வளவும் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாக நின்றுவிடும்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோல் கரைந்த திடப்பொருட்களுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க எல்லையாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 2,000 மில்லிகிராம் வரை அனுமதிக்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் 1,500 அளவு காட்டினால், ஒரு லிட்டரில் ஒன்றரை கிராம் உப்பு இருக்கிறது என்று பொருள். குடிக்கலாமா என்பது வேறு பேச்சு; கண்ணாடிக்கு அது சுண்ணாம்பு அடிப்பதற்குச் சமம். கம்பத்தில் கழுவும் வேலைக்கு அந்த அளவு பத்துக்குக் கீழே, முடிந்தால் பூஜ்யத்துக்கு அருகே இருக்க வேண்டும். ஆர்.ஓ. கருவியில் வடித்து, மிஞ்சும் உப்பை ரெசின் குடுவையில் நீக்கி, இரவே தொட்டியில் நிரப்பிக்கொண்டு காலையில் கிளம்புவதுதான் நடைமுறை. வாடிக்கையாளரிடம் தண்ணீர் கேட்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. 2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் ஏரிகள் வறண்டு, அடுக்குமாடிக் குடியிருப்புகள் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்த நாட்களை இந்த ஊர் மறக்கவில்லை. லாரிக்குக் காசு கொடுத்து வாங்கிய தண்ணீரில் ஜன்னல் கழுவ இருநூறு லிட்டர் கேட்பவரை எந்தக் குடியிருப்போர் சங்கமும் அன்போடு பார்ப்பதில்லை.

கொண்டுபோவது என்று முடிவானால் எடைக் கணக்கு தொடங்குகிறது. தூரிகை நிமிடத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை குடிக்கும். இரண்டு லிட்டர் என்றே வைத்துக்கொண்டால் 500 லிட்டர் தொட்டி நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். கம்பத்தை நகர்த்தும் நேரம், தேநீர் நேரம் எல்லாம் சேர்ந்தால் அது ஒரு முழு நாளின் வேலை. 500 லிட்டர் என்றால் 500 கிலோ. அதற்கு மேல் தொட்டியைப் பிடித்து நிறுத்தும் இரும்புச் சட்டம், பம்பு, மின்கலம், நூறு மீட்டர் குழாய் சுற்றிய உருளை, இரண்டு அலுமினிய ஏணிகள், கம்பங்கள், கறை நீக்கும் மருந்துக் கேன்கள் என்று சேர்த்தால் நூறு, நூற்றைம்பது கிலோ கூடுகிறது. ஏஸ், சூப்பர் கேரி இரண்டின் பெட்ரோல் வகைகளும் ஏறத்தாழ முக்கால் டன் சுமக்கக் கூடியவை. இந்தச் சுமை அவற்றின் வரம்புக்குள் அடங்குகிறது. ஈக்கோ கார்கோவின் சுமைத்திறன் ஏறத்தாழ அரை டன்தான். அதில் 300 லிட்டருக்கு மேல் வைத்தால் ஒவ்வொரு வேகத்தடையும் சஸ்பென்ஷனிடம் கணக்குக் கேட்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், அதிகச் சுமைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் வைத்திருக்கிறது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். தண்ணீரைச் சுமை என்று நினைக்காத பழக்கம் நம்மிடம் உண்டு. எடைமேடைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

எடையைவிட அபாயமானது அலை. பாதி காலியான தொட்டியில் தண்ணீர் முன்னும் பின்னும் அலையும். பிரேக் போட்ட பிறகு ஒருமுறை பின்னாலிருந்து தள்ளும். சின்டெக்ஸ் தொட்டியைக் கயிற்றால் கட்டி வைப்பதோடு நிறுத்திக்கொள்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது வேனுக்குள் இருந்தால், திடீரென்று பிரேக் அழுத்தும்போது அந்த அரை டன் நேராக ஓட்டுநரின் முதுகை நோக்கி வரும். திறந்த வண்டியில் தொட்டிக்கும் ஓட்டுநருக்கும் நடுவே கேபினின் பின்சுவர் நிற்கிறது. அதோடு தட்டின் அடியில் ஓடும் சட்டத்தில் துளையிட்டு போல்ட் போட்டு இறுக்கவும் வசதி இருக்கிறது. ஒரே 500 லிட்டர் தொட்டிக்குப் பதிலாக இரண்டு 250 லிட்டர் தொட்டிகளை வைத்து, ஒன்றை முழுவதும் காலி செய்த பிறகே அடுத்ததைத் திறப்பது நல்லது. எப்போதும் ஒரு தொட்டியில் மட்டுமே அலை இருக்கும். எங்கே வைத்தாலும் பின் அச்சுக்கு முன்னால் எடை விழ வேண்டும். அச்சுக்குப் பின்னால் தொங்கவிட்டால் முன்சக்கரங்கள் லேசாகி ஸ்டியரிங் கைக்கு நிற்காது.

இந்தத் தொழிலில் எல்லாமே ஈரம். மாலையில் வண்டியில் ஏறுவது ஈரத்துணி, ஈரக் குழாய், சொட்டும் தூரிகை. மூடிய வேனில் இவற்றை அடைத்துவிட்டு மறுநாள் காலை கதவைத் திறந்தால் வரும் வாடையை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். தரைவிரிப்பின் அடியில் தேங்கும் நீர் தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே வண்ணம் பளபளக்கும்போதே அடித்தளம் சல்லடையாகிவிடும். திறந்த தட்டிலும் துரு பிடிக்கும், ஆனால் அது கண்ணில் படும், மாலையில் ஒரு பக்கெட் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினால் ஓரளவு தள்ளிப்போடலாம்.

மருந்துகளின் விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பாகவே சொல்வேன். பழைய உப்புக்கறையை நீக்கப் பயன்படும் சில திரவங்களில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் கலந்திருக்கிறது. கண்ணாடியையே கரைக்கும் தன்மையுள்ள அதன் ஆவி நுரையீரலுக்கு நல்லதல்ல என்று சொல்வது மிகவும் குறைவாகச் சொல்வதாகும். வெயிலில் நின்ற வேனில் மூடி சரியாக இறுகாத ஒரு கேன் இருந்தால், ஓட்டுநரும் அதுவும் ஒரே காற்றில் பயணம் செய்கிறார்கள். பெட்ரோலில் ஓடும் பிரஷர் வாஷரின் டாங்கிலிருந்து வரும் ஆவிக்கும் இதே கணக்குதான்.

வேனுக்கு இருக்கும் நன்மைகளைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. பூட்டு அதன் முதல் பலம். நாம் மூன்றாம் மாடி ஜன்னலுக்குக் கம்பத்தை நீட்டி மல்லுக்கட்டும்போது தெருவில் நிற்கும் திறந்த வண்டியிலிருந்து பம்பின் மின்கலம் காணாமல் போவது நடக்கக்கூடியதே; அதற்கு இரும்புப் பெட்டியும் பூட்டும் தனிச் செலவு. இரண்டாவது, வெயில். வைப்பரின் ரப்பர் வெயிலில் கிடந்தால் விளிம்பு கெட்டிப்பட்டுக் கண்ணாடியில் கோடு போடும். கார்பன் கம்பங்களையும் நிழலில் வைப்பதே நல்லது. தார்ப்பாய் போட்டு மூடலாம்தான், ஆனால் ஒரு நாளைக்கு எட்டு முறை அவிழ்த்துக் கட்டும் பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை. மூன்றாவது, மதிப்பு. பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய வெள்ளை வேன் வந்தால் குடியிருப்பின் காவலாளி நிமிர்ந்து உட்கார்ந்து பெயர் எழுதுகிறார், குட்டி யானை வந்தால், “லோடு வண்டியா? பின் கேட்டுக்குப் போங்க சார்” என்கிறார். இதைச் சிறிய விஷயம் என்று ஒதுக்க முடியாது, ஏனெனில் புதிய வாடிக்கையாளர்கள் பலர் அடுத்த வீட்டுக்கு வந்த வண்டியைப் பார்த்துத்தான் அழைக்கிறார்கள்.

ஆட்களை ஏற்றுவதில் இரண்டுமே சமமாகக் கைவிடுகின்றன; ஓட்டுநரோடு ஒருவர்தான். (லாரித் தொழிலில் அந்த இன்னொருவருக்குக் கிளீனர் என்று பெயர், நம் தொழிலில் இருவருமே கிளீனர்கள்.) மூன்றாவது ஆளைத் தட்டில் தொட்டியின்மேல் உட்கார வைத்து அழைத்துப்போகும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். சரக்கு வண்டியில் பயணியாக ஏறியவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கிலேயே சொல்லிவிட்டது. விபத்து நடந்தபின் அவர் பயணியா பணியாளரா என்று வழக்காடும் நிலைக்கு யாரும் போகக்கூடாது. ஆள் அதிகம் என்றால் அவர்கள் தங்கள் பைக்கில் வரட்டும், அல்லது இரண்டு வரிசை இருக்கையும் சிறு தட்டும் உள்ள மஹிந்திரா பொலேரோ கேம்பர் போன்ற வண்டிக்கு மேலும் சில லட்சம் செலவழிக்கலாம்.

சிலர் இந்தச் சிக்கலைத் தவிர்க்க, ஐந்து பேர் அமரும் ஈக்கோவை வெள்ளைப் பலகையில் சொந்த வண்டியாக வாங்கி, பின் இருக்கையைக் கழற்றிவிடுகிறார்கள். காரணம் காப்பீடு: 2022-இல் அறிவிக்கப்பட்ட மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம், அந்த அளவு எஞ்சின் உள்ள சொந்தக் காருக்கு 3,416 ரூபாய், சிறிய சரக்கு வண்டிக்கு 16,049 ரூபாய். ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் மிச்சம் என்பது கவர்ச்சியானதுதான். ஆனால் தொழிலுக்கு ஓட்டிய சொந்த வண்டிக்கு இழப்பீடு கேட்கும் நாளில் அந்த மிச்சம் கசக்கும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது: சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், பயணிகள் காருக்குப் பொதுவாக அது கிடையாது. மற்றபடி சரக்கு வண்டியின் சட்டத் தொல்லைகள் பலர் அஞ்சும் அளவுக்கு இல்லை. மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு பர்மிட் தேவையில்லை. 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை இலகு ரக வாகன உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட வேண்டும், அவ்வளவே.

ஆகவே தண்ணீரைச் சுமந்து போகிறவருக்குத் திறந்த வண்டியையே நான் பரிந்துரைப்பேன். அதற்குள்ளும் ஏஸைவிட சூப்பர் கேரி பக்கம் என் மனம் சாய்கிறது. ஏஸின் இரண்டு சிலிண்டர் எஞ்சின் சமதரையில் குறைவைப்பதில்லை. ஆனால் அறுநூறு கிலோவோடு அடித்தள வாகன நிறுத்தத்தின் சரிவில் நின்று மறுபடி ஏறும்போது, நான்கு சிலிண்டர், 1.2 லிட்டர் எஞ்சினின் அருமை புரியும். பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் ஏஸுக்கு ஆதரவாக ஒன்று சொல்ல வேண்டும்: 2005 முதல் தெருவில் ஓடுவதால் எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். அசோக் லேலண்ட் தோஸ்த் ஒரு டன்னுக்கு மேல் தாங்கும் என்றாலும், மயிலாப்பூர்ச் சந்துகளில் அதைத் திருப்பி நிறுத்த எடுக்கும் நேரத்தில் ஒரு வீட்டு ஜன்னலை முடித்துவிடலாம்.

ஏணிகளைப் பற்றி ஒரு சொல். சிறிய வண்டிகளின் தட்டு ஏழடியை ஒட்டித்தான் இருக்கிறது. பத்து, பன்னிரண்டு அடி ஏணி அதில் அடங்காது. பின்னால் நீட்டிக்கொண்டு போனால் அதற்கும் 20,000 ரூபாய் அபராதம் சட்டத்தில் இருக்கிறது. கேபினுக்கு மேல் இரும்புச் சட்டம் அடித்து அதில் படுக்க வைப்பதே வழி. அப்படிச் செய்ததும், வாங்கும்போது ஆறடி சொச்சம் இருந்த வண்டி ஏழடியைத் தாண்டிவிடும். பல அடித்தள நிறுத்தங்களின் வாசலில் தொங்கும் பலகையோ 2.1 மீட்டர் என்று சொல்லும். ஏணியோடு சேர்த்து அளந்த உயரத்தை ஸ்டியரிங்குக்கு மேலே, ஓட்டுநரின் கண்ணில் படும் இடத்தில், வெள்ளை பெயின்ட்டில் எழுதி வையுங்கள்.