கொலுசுக் கடையில் பில்லிங் மென்பொருள்: நீண்ட நாள் அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறோம். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது வாங்கிய பில்லிங் மென்பொருள்தான் இன்றும் ஓடுகிறது. எங்கள் தெருவில் பெரும்பாலும் அதுதான். ஆடிட்டர் கேட்பதும் அதில் வரும் ஃபைலைத்தான், வேலைக்கு வரும் பையன்களுக்குத் தெரிந்ததும் அதுதான்.

வேலை சுத்தம். கட்டி வெள்ளியைப் பட்டறைக்குக் கொடுத்து கொலுசாக வாங்கும்போது எடை, டச் (வெள்ளியின் தூய்மை அளவு), சேதாரம் மூன்றையும் பிசகாமல் கழித்து, எந்தப் பட்டறையில் எவ்வளவு வெள்ளி நிற்கிறது என்று உடனே காட்டிவிடும். விற்பனைக்கு 3 சதவீதம், கூலிக்கு 5 சதவீதம் என்ற வரிக் கணக்கும் குழம்பியதில்லை.

சிக்கல் அப்புறம்தான் வந்தது. ஒருமுறை பணம் கட்டினால் போதும் என்று விற்றவர்கள் ஆண்டுச் சந்தாவுக்கு மாற்றினார்கள், சந்தாவும் ஏறிக்கொண்டே போகிறது. சரி, வேறு மென்பொருளுக்குப் போகலாமென்றால் பழைய கணக்கு வெளியே வராது. பில்லை பிடிஎஃப்பாக எடுக்கலாம். பட்டறை இருப்பை எக்செலில் எடுக்க வழியே இல்லை. சந்தா முடிந்த அன்று எங்கள் கணக்கை நாங்களே திறக்க முடியாது. "வேலை நடக்குதுல்ல, விடுப்பா" என்கிறார் பக்கத்துக் கடை அண்ணன். என்னால் அப்படி விட முடியவில்லை. போக வழியில்லாத வாடிக்கையாளரிடம் என்ன விலையும் சொல்லலாமே!

இதில் அரசு தலையிடத்தான் வேண்டும். நம்பரை மாற்றாமல் மொபைல் கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்தது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி போட்டதால்தான். 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் ஒரு கம்பெனி பெரிதாக வளர்வதைத் தடுப்பதில்லை. அந்தப் பலத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் பிடிக்கிறது. 2022இல் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. புது போனை அமைக்கும்போதே தேடுபொறியைப் பயனர் தேர்ந்தெடுக்க விட வேண்டும் என்று கூடவே போட்ட உத்தரவுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அபராதப் பணத்தால் எங்களைப் போன்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. கணக்கு மென்பொருளுக்கும் ஒரு விதி வேண்டும்: வாடிக்கையாளர் கேட்டால், சந்தா முடிந்திருந்தாலும், முழுத் தரவையும் வேறு மென்பொருள் படிக்கும் வடிவத்தில் கொடுத்தாக வேண்டும்.

அதுவரை மாதக் கடைசியில் பட்டறை இருப்பைக் கையால் எக்செலில் அடித்து வைக்கிறோம். புதிதாக வாங்குகிறவர்கள், டெமோ காட்ட வருபவரிடம் ஒரு பட்டறைக் கணக்கை முழுதாக வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லை என்றால் பணம் கட்டாதீர்கள்.