ஜன்னலும் தெரியணும், அறையும் தெரியணும்: படங்களைக் கலக்கும் என்ஃப்யூஸ் மென்பொருள் எனக்கு எப்படி உழைக்கிறது

காரைக்குடிப் பக்கம் கல்யாணம் இல்லாத மாதங்களில் புகைப்படக்காரனான எனக்குச் சோறு போடுவது பழைய வீடுகள்தான். செட்டிநாட்டு வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறவர்கள், புக்கிங் தளங்களில் போடுவதற்குப் படம் கேட்பார்கள். அந்த வீடுகளுக்குள் கேமராவோடு போனவர்களுக்குத் தொல்லை எங்கே என்று தெரியும். வளவு என்கிற உள்கட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம், அதில் வெயில் கொட்டும். சுற்றிலும் கன்னங்கரேல் என்று தேக்குத் தூண்கள். அறைக்குள் போனால் இன்னும் மோசம். கம்பி போட்ட சின்ன ஜன்னல், அதற்கு வெளியே பதினொரு மணி வெயில்.

கணக்காகவே சொல்கிறேன். ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, லென்ஸின் துவாரம் எஃப் 8 வைத்தால் வெளியே வெயில் அடிக்கும் தெருவுக்கு ஷட்டர் 1/400 நொடி திறந்தால் போதும். அதே அறையின் மூலையில் நிற்கும் பீரோ தெரிய 2 நொடி வேண்டும். 800 மடங்கு வித்தியாசம், ஒன்பதரை ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேலே (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). கேமரா பதிந்தபடியே தரும் ஒரே ரா ஃபைலை எடுத்து, வெளிச்சத்தை ஏற்றி ஏற்றிப் பார்த்தால் பீரோ முழுக்க மணல் தூவியது போல நாய்ஸ்தான் மிஞ்சும். ஃபிளாஷ் போடலாமே என்பார்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி இழைத்த சுண்ணாம்புச் சுவர் அது, கண்ணாடி மாதிரி மின்னும். எங்கிருந்து அடித்தாலும் வெளிச்சம் திரும்பி லென்ஸுக்குள்ளேயே வந்து நிற்கும்.

அதனால் ட்ரைபாடில் வைத்து வெவ்வேறு ஷட்டர் வேகத்தில் ஐந்தாறு படம் எடுத்து, என்ஃப்யூஸில் கலக்கிறேன். இலவச மென்பொருள். ஹுகின் என்ற பனோரமா மென்பொருளை இறக்கினால் கூடவே வந்துவிடும். 2007இல் மெர்ட்டென்ஸ், காவுட்ஸ், வான் ரீத் என்ற மூவர் வெளியிட்ட முறைதான் இதன் அடிப்படை. இப்படிப் பல படங்களைச் சேர்க்கும் வழக்கமான ஹெச்டிஆர் முறையில் முதலில் எல்லாவற்றையும் ஒரே பெரிய ஃபைலாக்கி, பிறகு திரைக்கு ஏற்ப நசுக்குவார்கள். ஊதா மேகமும் அழுக்குச் சுவரும் பெரும்பாலும் அந்த நசுக்கலில்தான் வருகின்றன. இங்கே அந்தப் படியே கிடையாது. ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு புள்ளிக்கும் மார்க் போடுகிறது: வெளுத்துப் போகாமலும் இருண்டு போகாமலும் இருக்கிறதா, நிறம் இருக்கிறதா, விவரம் இருக்கிறதா என்று. மார்க் அதிகம் வாங்கிய புள்ளிக்குக் கலவையில் பங்கும் அதிகம். பெரிய பரப்பு, சின்ன விவரம் என்று தனித்தனி அளவில் கலப்பதால் ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. அறை அறையாகவே இருக்கும்.

இதில் நான் மாற்றுவது ஒன்றே ஒன்று. எக்ஸ்போஷருக்கு, அதாவது வெளிச்ச அளவுக்கான மார்க்குக்கு 1, நிறத்துக்கு 0.2, விவரத்துக்கு 0 என்று வைத்துத்தான் மென்பொருள் வரும். நிறத்தையும் 0 ஆக்கிவிடுவேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சிவப்புப் பூவும் பச்சை ஓரமும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். நிறத்துக்கு மார்க் கொடுத்தால் பூ மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று எனக்குத் தோன்றும். வேறு ஒருவர் கண்ணுக்கு அது அழகாகவும் இருக்கலாம்.

சரி, குறைக்கு வருகிறேன். முதல் குறை, கலந்து வரும் படம் சப்பென்று இருக்கும். வெளிச்சத்தையும் கருமையையும் மாற்றும் கர்வ் கோட்டைக் கொஞ்சம் வளைத்துக் கருமையை மீட்காமல் யாருக்கும் அனுப்ப முடியாது. இரண்டாவது, என்னை அதிகம் வேலை வாங்குவது, ஜன்னல் கம்பி. 2 நொடிப் படத்தில் வெளி வெளிச்சம் கம்பியைச் சுற்றிப் பால் மாதிரி வழிந்து, விரல் தடிமன் கம்பி குச்சியாக இளைத்துவிடும். மென்பொருளுக்கு அது வழிசல் என்று தெரியாது. நடுத்தர வெளிச்சமாகப் பட்டால் அதற்கும் மார்க் போட்டுவிடும். கலவையில் கம்பியும் சட்டமும் சாம்பல் பூத்து நிற்கும். நான் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் 1/100 நொடிப் படத்தை மேல் லேயராகப் போட்டு, ஜன்னல் சட்டத்தில் மட்டும் மென்மையான பிரஷ்ஷால் பாதி அளவு தடவி எடுக்கிறேன். ஒரு ஜன்னலுக்குப் பத்து நிமிடம். ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றை நான் குறைப்பது இந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான்.

பாதி அளவுக்கு மேல் தடவாததற்கு ஒரு ஆச்சி காரணம். ஆரம்பத்தில் வெளியே இருக்கும் வேப்பமரத்தை இலை இலையாகக் காட்டி அனுப்பினேன். வீட்டுக்கார ஆச்சி லேப்டாப்பைக் கண்ணருகே இழுத்துப் பார்த்துவிட்டு, “என்னப்பா, ஜன்னல்ல காலண்டர் ஒட்டி வச்ச மாதிரி இருக்கு” என்றார். அன்றிலிருந்து ஜன்னலை அறையை விட ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் வெளிச்சமாகவே விடுகிறேன். மரம் இருப்பது தெரிந்தால் போதும், இலையை எண்ண வேண்டியதில்லை.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை மென்பொருளை விட முக்கியம். மின்விசிறியை நிறுத்துங்கள், நின்றபின் எடுங்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டதில், கலந்த படத்தில் விசிறிக்கு எட்டு இறக்கை முளைத்திருந்தது. விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் நீலம், பல்ப் மஞ்சள், இரண்டும் கலந்தால் சுவர் பச்சையும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒரு நிறமாகும். என் கேமராவின் தானியங்கி பிராக்கெட்டிங் (வெவ்வேறு வெளிச்சத்தில் வரிசையாக எடுப்பது) மூன்று படத்தோடு நின்றுவிடும், 2 ஸ்டாப் இடைவெளியில் மொத்தம் 4 ஸ்டாப்தான். அதனால் கையாலேயே 1/400இல் தொடங்கி ஏறக்குறைய நான்கு நான்கு மடங்காக ஏற்றி 2 நொடி வரை போகிறேன், ஆறு படம். எல்லா ரா ஃபைலையும் ஒரே ஒயிட் பேலன்ஸில் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) 16 பிட் டிஃப் ஃபைலாக மாற்ற வேண்டும். 24 மெகாபிக்சலில் ஒன்று ஏறக்குறைய 144 எம்பி. ஒரு வீட்டுக்கு முப்பது கோணம் என்றால் டிஸ்க்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், என்ஃப்யூஸை ஓட்டக் கருப்புத் திரையில் கமாண்ட் தட்ட வேண்டுமே என்று தயங்குகிறவர்கள் டிஜிகாம் என்ற படத் தொகுப்பு மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். அதுவும் இலவசம். பிராக்கெட் படங்களைக் கலக்கும் வசதி அதன் மெனுவிலேயே இருக்கிறது, உள்ளே ஓடுவது இதே என்ஃப்யூஸ்தான். ட்ரைபாட் லேசாக அசைந்திருந்தால் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியும் தரும்.